பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு பருவநிலை அறிவியல் படிக்கலாமா?

நெய்தல்_22:
கடலூர் பக்கம். பி.எஸ்சி. பிசிக்ஸ் மூன்றாம் ஆண்டு. 2011ல் தானே புயல் அடித்தபோது எங்கள் முந்திரித் தோப்பு ஒரே ராத்திரியில் போய்விட்டது. அப்போதிலிருந்தே காற்று, மழை என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. எம்.எஸ்சி.க்கு பருவநிலை மாற்றம் படிக்கலாம் என்று பார்க்கிறேன். அப்பாவோ "டிவியில் மழை வருமா வராதான்னு சொல்லப் போறியா?" என்கிறார். எனக்குக் கணக்கு சுமார்தான். தாங்குமா? உண்மையில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

மழைமானி:
தம்பி, நான் குசாட்டில், அதாவது கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலையில், எம்.எஸ்சி. வானிலையியல் படித்தவள். பனிக்கரடி, உருகும் பனிமலை எல்லாம் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து போவாய். முதலில் வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும்தான். டெஃபிகிராம் என்று ஒரு தாள் கொடுப்பார்கள்; ஐந்து வகைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். மேலே பறக்கவிட்ட வானிலை பலூன் அனுப்பிய வெப்பநிலைகளை அதில் பென்சிலால் புள்ளி வைத்து, காற்று மேலே எழும்புமா அமுங்குமா என்று பார்க்க வேண்டும். என் கண்ணாடி பவர் ஏறியதே அதனால்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

அப்புறம் பைத்தான் என்ற கணினி நிரல்மொழி. அதை இப்போதே தொடங்கிவிடு. நான் கடைசி செமஸ்டரில் அழுதுகொண்டே கற்றேன்.

கணக்கு தாங்குமா என்று நீயே பார்த்துக்கொள். சூரியனிலிருந்து சதுர மீட்டருக்கு 1361 வாட் வருகிறது. 30 சதவீதம் அப்படியே திரும்பிப் போய்விடும். ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதி உனக்குத் தெரியும்: ஒரு பொருள் வெளியே விடும் வெப்பம் அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். வெப்பத்தைப் பிடிக்கும் வாயுக்கள் இல்லாவிட்டால் பூமியின் வெப்பநிலை எவ்வளவு? நான் முதல் தடவை போட்டபோது 87 டிகிரி செல்சியஸ் வந்தது. தப்பு எங்கே என்று இப்போது சொல்ல மாட்டேன்.

ஏசிக்காரன்:
அப்பாவிடம் பருவநிலை விஞ்ஞானி வி. ராமநாதன் கதையைச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்து அண்ணாமலைப் பல்கலையில் 1965ல் பொறியியல் முடித்தவர். செகந்திராபாத்தில் ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். ஃபிரிட்ஜைக் குளிரவைக்கும் சிஎஃப்சி வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 1975ல் அமெரிக்காவில் இருந்தபோது, அந்த சிஎஃப்சி வாயு கரியமில வாயுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது என்று எழுதினார். நானும் இருபது வருடமாக அதே கசிவைத்தான் பார்க்கிறேன். எனக்கு பில் மட்டும்தான் தெரிந்தது.

நெய்தல்_22:
அக்கா, எனக்கும் 87தான் வருகிறது! மூன்று முறை போட்டுவிட்டேன்.

மழைமானி:
வரும், வரும். பூமி சூரியனுக்குக் காட்டுவது ஒரு வட்டத் தட்டு. வெப்பத்தை வெளியே விடுவதோ உருண்டை முழுவதும். உருண்டையின் பரப்பு தட்டைப்போல நான்கு மடங்கு. 1361ஐ நான்கால் வகுத்துவிட்டுப் போடு, மைனஸ் 18 வரும். உண்மையில் பூமியின் சராசரி சுமார் 15. நடுவில் இருக்கும் அந்த 33 டிகிரிக்குப் பெரும்பாலும் நீராவியும் கரியமில வாயுவும்தான் காரணம். 1958ல் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அது இரட்டிப்பானால் தரையில் எத்தனை டிகிரி ஏறும்? 1967ல் மனாபே, வெதரால்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் தரையிலிருந்து மேலே வரை ஒரே ஒரு காற்றுத் தூணை வைத்துக் கணக்குப் போட்டார்கள், சுமார் 2.3 வந்தது. மனாபேவுக்கு 2021ல் நோபல், அதுவும் பிசிக்ஸில். அதையும் அப்பா காதில் போட்டு வை.

குசாட்டுக்குத் தனி நுழைவுத் தேர்வு, ஐஐடிகளுக்கு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு. கடைசித் தேதியைக் கோட்டை விட்டுவிடாதே.