கறுப்புப் பின்னணியில் ஸ்டில் லைஃப் (அசையாப் பொருட்களின் படம்): கான்ட்ராஸ்ட் எப்படி வரவைப்பது?

ஜன்னலோரம்:
கறுப்புத் துணிக்கு முன்னால் வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்று, பக்கத்தில் பச்சைக் கண்ணாடி பாட்டில். வெளிச்சம் இடப்பக்க ஜன்னல் மட்டும்தான். துணி சாம்பலாகத் தெரிகிறது. எடிட்டிங்கில் கான்ட்ராஸ்டை (வெளிச்சத்துக்கும் இருளுக்குமான வேறுபாட்டை) ஏற்றினால் கோப்பையின் ஓரம் வெளுத்துவிடுகிறது, பாட்டில் துணியோடு கலந்து காணாமல் போகிறது. என்ன செய்யலாம்?

கருவெள்ளை:
ஸ்லைடரைத் தொடாதீர்கள். இதை மேசையிலேயே சரிசெய்துவிடலாம்.

ஒளியை அளக்கும் கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் முயலும். ஃப்ரேமில் பெரும்பகுதி கறுப்பு என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஏற்றிவிடும். கோப்பையில் வெளிச்சம் பட்ட பக்கத்தை ஸ்பாட் மீட்டரில் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் முறை) அளந்து, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்கு) கூட்டி மேனுவலில் வையுங்கள். வெள்ளை வெள்ளையாக நிற்கும், துணி தானாக இருண்டுவிடும்.

அப்புறம் துணியை நன்றாகப் பின்னால் தள்ளி, ஜன்னல் ஒளி அதில் நேராக விழாமல் பாருங்கள். சின்ன விளக்காக இருந்தால் தூரம் இரண்டு மடங்கானதும் ஒளி கால்பங்காகிவிடும். அகலமான ஜன்னலில் அவ்வளவு வேகமாகக் குறையாது. அதனால் திரையை இழுத்து ஒரு கீற்று மட்டும் விடுங்கள். வெல்வெட் கிடைத்தால் இன்னும் நல்லது, சாதாரணப் பருத்தித் துணியைவிட ஒளியை அதிகம் விழுங்கும்.

கண்ணாடி கதை வேறு. அதன் வடிவத்தைக் காட்டுவது ஓரங்கள்தான். பாட்டிலுக்குச் சற்றுப் பின்னால், இருபுறமும், ஃப்ரேமுக்கு வெளியே வெள்ளை அட்டை நிறுத்துங்கள். அவற்றில் ஒளி விழ வேண்டும். இரண்டு விளிம்பிலும் மெல்லிய வெளிச்சக் கோடு வரும். எனக்கு இந்த வகைப் படங்களில் மிகவும் பிடித்தது அந்தக் கோடுதான்.

அகல்ஒளி:
கருவெள்ளை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடும் ஒளி இருந்தால்தான் கான்ட்ராஸ்ட் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் எடுத்த ‘பெப்பர் நம்பர் 30’ படத்தைப் பாருங்கள். குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் சுவர் ஒளியைச் சுற்றிலும் மென்மையாகத் திருப்பிவிட்டது. ஆழமான கறுப்பு இருக்கிறது, வளைவுகளும் அப்படியே தெரிகின்றன.

ஜன்னலோரம்:
செய்து பார்த்தேன், பாட்டில் பிரமாதமாக வந்தது. நன்றி! சுவரிலிருந்து ஒளி திரும்பி வரக்கூடாது என்று வலப்பக்கம் கறுப்பு அட்டையும் வைத்தேன். இப்போது கோப்பையின் நிழல் பக்கம் துணியோடு ஒட்டிக்கொண்டு, பாதிக் கோப்பைதான் தெரிகிறது.

கருவெள்ளை:
அட்டையை மெதுவாக விலக்குங்கள். நிழல் பக்க விளிம்பு லேசாகப் பிரியும் இடத்தில் நிறுத்தினால் போதும். எனக்குப் பிடித்த வழி இன்னொன்று: அந்தப் பக்கப் பின்னணியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விழவிடுங்கள். கோப்பையின் வெளிச்சப் பக்கம் இருட்டின் முன்னும், இருண்ட பக்கம் வெளிச்சத்தின் முன்னும் நிற்கும். வெளிச்சமும் இருளும் மட்டும் கண்ணில் பட, கேமரா திரையைக் கறுப்புவெள்ளைக்கு மாற்றிக்கொண்டு பொருட்களை அடுக்குங்கள். RAW வடிவத்தில் (கேமரா பதிவுசெய்த மூலத் தரவு) எடுத்தால் கோப்பில் நிறம் எப்படியும் இருக்கும்.