பாப்பாவின் காதுப் பரிசோதனையும் வீட்டு வாட்ஸ்அப் குழுவும்

தேவி: பாப்பாவுக்கு இன்று காதுப் பரிசோதனை செய்தார்கள். வலது காது ‘பாஸ்’, இடது காது ‘ரெஃபர்’ என்று சீட்டில் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள், அதற்கு மேல் நின்று விளக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. செல்வி அக்கா, உன் வேலையே இதுதானே, பார்த்தவுடன் பதில் போடு.

ராஜி பெரியம்மா: பயப்படாதே தேவி. பிறந்த குழந்தையை வைத்து இப்போதே என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நம் குமார் மூன்று வயது வரை வாயே திறக்கவில்லை, இப்போது மூடச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது.

குமார்: அம்மா, இந்தக் குழுவில் யாருக்கு என்ன வந்தாலும் நான்தான் உதாரணமா?

சுந்தரம் சித்தப்பா: [பலமுறை பகிரப்பட்ட வீடியோ]

சுந்தரம் சித்தப்பா: இதைப் பாரம்மா தேவி. ஏதோ சொட்டு மருந்தாம், ஒரே வாரத்தில் காது திறந்துவிடுமாம்.

செல்வி: சித்தப்பா, தயவுசெய்து அதை எல்லோருக்கும் நீக்கிவிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் பிறந்த குழந்தையின் காதில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. குறை உள்காதிலோ நரம்பிலோ இருந்தால் மேலே விடும் சொட்டு அங்கே போய்ச் சேரவே சேராது.

சுந்தரம் சித்தப்பா: நீக்கிவிட்டேன். எனக்கு வந்தது, அனுப்பினேன்.

செல்வி: தேவி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ரெஃபர் என்றால் மறுபடி பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம், காது கேட்கவில்லை என்று நீயாக முடிவு கட்டாதே. பிறந்த ஓரிரு நாளில் காதுக் குழாயில் வெள்ளைப் படலம் அடைத்திருக்கும், நடுக்காதில் நீர் தங்கியிருக்கும், குழந்தை அழுதாலோ அசைந்தாலோ கருவியும் தடுமாறும். ரெஃபர் ஆகும் குழந்தைகளில் பெரும்பாலானவை அடுத்த முறை பாஸ் ஆகிவிடுகின்றன. நிரந்தரக் குறைபாடு இருப்பது ஆயிரத்துக்கு 1 முதல் 3 குழந்தைகளுக்குத்தான். ஆனால் நம் பாப்பா அதில் இல்லை என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. அம்மா, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ராஜி பெரியம்மா: காலையில் கதவு படீரென்று சாத்தியபோது குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது, நானே பார்த்தேன்.

செல்வி: அதிர்வுக்கும் காற்றுக்கும்கூட குழந்தை திடுக்கிடும் அம்மா. தவிர வலது காதுதான் பாஸ் ஆகியிருக்கிறதே, அதில் கேட்டிருக்கும். ஒரு காதில் மட்டும் குறை இருந்தால் வீட்டில் யார் கண்ணிலும் படாது, பல சமயம் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியவரும். கருவியை வைத்துப் பார்ப்பதே அதற்காகத்தான்.

அரவிந்த்: அண்ணி, காதுக்குள் ஒரு சின்ன முனையை மட்டும் வைத்தார்கள், தலையில் எதையும் ஒட்டவில்லை. அது போதுமா?

செல்வி: அது ஓஏஇ பரிசோதனை மாப்பிள்ளை. உள்காது ஒலியைக் கேட்கும்போது தானும் மிக மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது, இதை 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் பதிவுசெய்து வெளியிட்டார். அந்த எதிரொலி வருகிறதா என்று பார்ப்பதுதான் நீங்கள் பார்த்த கருவி. தலையில் ஒட்டிப் பார்ப்பது ஏபிஆர், ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று அதில் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு ஏபிஆர்தான் செய்ய வேண்டும், நரம்பில் இருக்கும் கோளாறு ஓஏஇயில் சிக்காது. நம் பாப்பா அங்கே இருக்கவில்லை, அதனால் கவலையில்லை. மறுபடி போகும்போது இடது காதை மட்டும் பார்த்து அனுப்பிவிடப் போகிறார்கள், இரண்டு காதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

குமார்: ஒரு மாதம் தள்ளிப் போனால் குடி முழுகிவிடுமா?

செல்வி: முழுகாது. ஆனால் ஒரு மாதம் இரண்டாகும், அப்புறம் ஆறாகும், அதுதான் சிக்கல். 1-3-6 என்று ஒரு கணக்கு உண்டு. 1 மாதத்துக்குள் முதல்கட்டப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் முழுப் பரிசோதனை செய்து முடிவு, 6 மாதத்துக்குள் காது கருவியோ பயிற்சியோ ஆரம்பம். அமெரிக்காவில் குழந்தைகளின் செவித்திறனுக்கான கூட்டுக்குழு 2019-ல் இன்னும் ஒரு படி மேலே போய், இதை எட்டிவிட்ட இடங்கள் 1-2-3க்கு, அதாவது இதே மூன்றையும் 1, 2, 3 மாதங்களுக்குள் முடிக்க, முயலலாம் என்றது. கொலராடோவில் செய்து 1998-ல் வெளியான ஆய்வில், 6 மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி, பிறகு கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. பச்சைக் குழந்தை தானாகத் தூங்கும், தூக்கத்திலேயே ஏபிஆர் எடுத்துவிடலாம். வளர்ந்த பிறகு மயக்க மருந்து தேவைப்படலாம். காதுக் குறை சிஎம்வி என்ற வைரஸால் வந்ததா என்று பார்ப்பதானால் பிறந்த 21 நாளுக்குள் உமிழ்நீரோ சிறுநீரோ எடுக்க வேண்டும், தாமதித்தால் பிறவியிலேயே வந்ததா பிறகு வந்ததா என்று பிரிக்க முடியாது. அதைப் பற்றியும் குழந்தை மருத்துவரிடம் கேள் தேவி.

தேவி: 21 நாளா? இதை யாரும் சொல்லவே இல்லையே அக்கா.

செல்வி: அதுதான் எனக்கும் எரிச்சல். பரிசோதனையை நன்றாகத்தான் செய்கிறார்கள், அதன் பிறகு குழந்தை எங்கே போனது என்று பார்க்க ஆள் இல்லை. பிரசவம் ஓர் இடம், குழந்தை மருத்துவர் ஓர் இடம், செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் இன்னோர் இடம். ஒருவர் கையில் இருக்கும் முடிவு அடுத்தவருக்குத் தெரியாது, தொலைபேசி எண் மாறிவிட்டால் அந்தக் குடும்பம் காணாமலே போய்விடும்.

குமார்: ஒரு ஷேர்டு ஷீட் போதுமே. மூன்று பேரும் ஒரே பட்டியலைத் திறந்து பார்க்கட்டும்.

செல்வி: அதைத்தான் நாங்கள் இப்போது செய்கிறோம், ஆனால் நீ நினைப்பது போல் இல்லை. முன்பு ஆளுக்கொரு எக்செல் கோப்பு, கடைசிப் பதிப்பு யாரிடம் என்று தேடுவதே வேலையாக இருந்தது. இப்போது ஒரே பட்டியல்தான், யார் எப்போது கூப்பிட்டார்கள், அடுத்து யார் கூப்பிட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பட்டியலில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான், பெயர் பூட்டிய பதிவில் தனியாக இருக்கிறது. இணைப்பு கிடைத்தவர் யாரும் திறக்கலாம் என்று விட்டால், எந்தக் குழந்தைக்கு என்ன குறை என்று ஊருக்கே தெரியும். நினைவூட்டலுக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு தொடங்கலாம் என்று ஒருவர் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை, குழுவில் சேர்த்தாலே ஒருவர் எண் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் அது தெரியாது, ஆனால் நம் எண்ணை அவர்கள் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தியே போகும். அதனால் வீட்டுக்கு அனுப்பும் முன் எங்கள் எண்ணை அவர்கள் போனில் சேமிக்கச் செய்துவிட்டுத்தான் விடுவோம். குறுஞ்செய்திக்கு பதில் வரவில்லை என்றால் நேரே கூப்பிட்டுவிடுவோம், எத்தனை செயலி இருந்தாலும் அதைத் தவிர்க்க முடியவில்லை.

அரவிந்த்: ஃபேஸ்புக்கில் பெற்றோர் குழு ஒன்று பார்த்தேன், பெரிய குழு. ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்டு, இது பயப்பட வேண்டியதா என்று கேட்கலாமா?

செல்வி: வேண்டாம். அதில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், மருத்துவமனை எண் எல்லாம் இருக்கும். இந்தச் சீட்டை வைத்து நானே எதுவும் சொல்ல முடியாதபோது முகம் தெரியாதவர் என்ன சொல்லிவிடப் போகிறார்? ஆளுக்கொன்று சொல்வார்கள், தூக்கம் போய்விடும். ஆனால் இந்தக் குழுக்களே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குறை உறுதியானால் அப்போதுதான் அவை தேவைப்படும். காது கேளாத குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்குப் பிறப்பவர்கள், அந்தப் பெற்றோர் அதற்கு முன் காது கேளாத ஒருவரிடம் பேசிக்கூட இருக்க மாட்டார்கள். நள்ளிரவில் குழந்தை காது கருவியைப் பிடுங்கி எறிந்தால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்பதைவிட இன்னொரு தாயிடம் கேட்பது மேல். சைகை மொழி பேசும் பெரியவர்களும் உள்ள குழுவாக இருந்தால் இன்னும் நல்லது, சில குழுக்கள் பேச்சு மட்டும் அல்லது சைகை மட்டும் என்று ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திட்டுகின்றன, அங்கே நிற்காதீர்கள்.

ராஜி பெரியம்மா: அவ்வளவு தூரம் போகாது. ஆனால் செல்வி சொல்வது சரி, பார்த்துவிடுவோம்.

தேவி: முழுப் பரிசோதனை தேவைப்பட்டால் அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டும் என்றார்கள் அக்கா, அதையும் நினைத்தால்தான்...

செல்வி: எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. பக்கத்து மையத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையின் தலையில் ஒட்ட வேண்டியதை ஒட்டுவார், ஆடியாலஜிஸ்ட் தன் இடத்திலிருந்தே அந்தக் கணினியை இயக்கி ஏபிஆர் எடுப்பார், வீடியோவில் உன்னோடும் பேசுவார். இணையம் நடுவில் அறுந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் நாள் மிச்சம். பயிற்சியும் வீடியோவிலேயே நடக்கும். தொலைவிலிருந்து பார்ப்பது உண்டா என்று அங்கே கேட்டு வை.

குமார்: நான் ஒரு ஷேர்டு காலண்டர் போட்டுவிட்டேன், தேவிக்கும் மச்சானுக்கும் அழைப்பு வந்திருக்கும். மறுபரிசோதனை நாள், அதற்கு முந்தைய நாள் நினைவூட்டல், 21-வது நாள் எல்லாம் இருக்கிறது. குழந்தை பெயர் போடவில்லை அக்கா, பார்த்துக்கொள்.

செல்வி: பரவாயில்லை, தேறிவிட்டாய். தேவி, அன்று பாப்பாவைத் தூங்கவிடாமல் கொண்டு போ, அங்கே போனதும் பால் கொடு, தூங்கியதும் பரிசோதனை செய்துவிடலாம். முடிவு வந்ததும் இங்கே போடாதே, எனக்குத் தனியாக அனுப்பு. குழுவுக்கு என்ன சொல்வது என்று நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள்.

சுந்தரம் சித்தப்பா: காலண்டரில் என்னையும் சேர்த்துவிடு குமார், அன்று வண்டி ஓட்ட நான் வருகிறேன்.

தேவி: சரி சித்தப்பா. காலை பத்து மணிக்கு.