கிடார் இறங்கணுமா, நாயனம் இறங்கணுமா?

குடமுருட்டி:
மாயவரத்து மிக்சர் நேத்து "முதல் ஆல்பம் போடுற ராக் பேண்டுகளுக்கு"ன்னு ஒரு பட்டியல் போட்டாரு. ட்ரம்ஸ், பேஸ் வரைக்கும் குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஏழாவது வரியிலதான் வேலையைக் காட்டிட்டாரு: "நாதஸ்வரம் 440-க்கு நிக்காது. தனியா பதிவு பண்ணி மெலோடைன்ல 20 சென்ட் இறக்கிடுங்க." (440-ன்னா ட்யூனர் அடிப்படையா வச்சுக்கிற ஏ ஸ்வரத்தோட ஹெர்ட்ஸ், நூறு சென்ட் சேர்ந்தா அரைக் கட்டை, மெலோடைன் சுருதியை மாத்துற மென்பொருள்.) ஏங்க, திருகாணி கிடார்லதானே இருக்கு? ஆச்சா மரத்துல துளை போட்டாச்சுன்னா போட்டதுதான். திருகினா இறங்குறதை விட்டுட்டு, திருக முடியாததைக் கம்ப்யூட்டர்ல போட்டு இழுக்கிறதா?

ரெண்டரைக் கட்டை பாரி நாயனம்னா (நீளமான பெரிய நாயனம்) சட்ஜம் டி ஷார்ப். கிடாரை ஆறு கம்பியும் அரைக் கட்டை இறக்கு, ஈ கம்பி டி ஷார்ப்புக்கு வந்துடும். 10 கம்பி செட்டுக்குப் பதிலா தடிச்ச 11 போடு, இல்லேன்னா கம்பி தொளதொளன்னு ஃப்ரெட்ல மோதும். கம்பி மாத்தினா 12-ஆவது ஃப்ரெட்ல இன்டோனேஷன், அதாவது அங்கே அழுத்தினாலும் சுருதி சரியா வருதான்னு பார்க்கணும். நாயனக்காரர் பத்து நிமிஷம் ஊதிச் சூடேறட்டும். அப்புறம் அவரோட சட்ஜத்தை ட்யூனர்ல பாரு. 20 சென்ட் மேலே நின்னா ட்யூனர்ல 440-ஐ 445 ஆக்கு. கீபோர்டுல மாஸ்டர் ட்யூனும் 445. தீர்ந்தது.

மாயவரத்து மிக்சர்:
அண்ணே, படிச்சுட்டு சண்டைக்கு வாங்க. நோட்டு நோட்டா இழுக்கச் சொல்லல. மொத்தத் துண்டையும் ஒரே அளவா இறக்கினா ஸ்வரத்தை அசைக்கிற கமகம் கமகமாத்தான் இருக்கும். எட்டுப் பாட்டுல ரெண்டுலதான் நாயனம். அந்த ரெண்டுக்காக லூப், பியானோ சாம்பிள் எல்லாத்தையும் 445-க்கு ஏத்தணுமா?

குடமுருட்டி:
எந்த நேரத்து 20 சென்ட் தம்பி? குழலுக்குள்ள காத்து ஒரு டிகிரி சூடானா சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். ஏசி அறையில முதல் டேக்ல 8 இருக்கும், ஆறாவது டேக்ல 22. கிடார் கம்பி இதுக்கு நேரெதிர், சூடேறினா நீண்டு இறங்கும். இதுல "ஒரே அளவா" எங்க இருக்கு? டேக்குக்கு டேக் ட்யூனரைப் பார்த்துக் கிடாரைச் சேர்க்கிறவனுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. 445, தேவைப்பட்டா 444, 446.

அப்புறம் தவில். ரெண்டு பேரும் ஒரே அறையில வாசிச்சா தவில் மைக்குலயும் நாயனம் விழும். நீங்க நாயனத் தடத்தை மட்டும் இறக்குவீங்க, தவில் தடத்துல பழைய சுருதி அப்படியே இருக்கும். ஒண்ணு 311 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 314.7. நொடிக்கு மூணரை தடவை "வாவ் வாவ்"னு அலையும். ஒரே ஸ்வரத்தை நீட்டிக் கார்வை பிடிக்கிற இடத்துல கேட்டுப் பாருங்க.

சீவாளி:
கம்ப்யூட்டரும் வேணாம், 445-ம் வேணாம். கெண்டையில (ஊதுற சீவாளியைச் செருகுற சின்ன உலோகக் குழாய்) ரெண்டு சுத்து நூல் கூடச் சுத்தி லேசா வெளியே தூக்கி வச்சா சுருதி தானா இறங்கும். அடிப்பக்கத் துளைகள்ல மெழுகு வைக்கிற வழியும் இருக்கு. வாசிக்கிறவங்களைக் கேக்காம ரெண்டு பேரும் என்ன பஞ்சாயத்து பண்றீங்க?

குடமுருட்டி:
சீவாளின்னு பேர் வச்சுக்கிட்டா போதுமா? கெண்டையைத் தூக்கினா எல்லா ஸ்வரமும் ஒரே அளவா இறங்காது. துளை மேலே போகப் போக குழல் நீளம் குறைவு, அதனால அங்கே இறக்கம் அதிகம். சட்ஜம் சரியா நிக்கும், மேல் தைவதம், நிஷாதம் தொங்கும். அதை உதட்டால தூக்கிப் பிடிக்கணும். 5 சென்டுக்கு இது சரி. 20-க்கு ஆகாது. 445.

ஒற்றைக்கம்பி:
440 ஒண்ணும் வேதம் இல்லீங்க. 1939-ல லண்டன்ல கூடிப் பேசி வச்சது, 1955-ல ஐ.எஸ்.ஓ. தரமாச்சு. பீட்டில்ஸோட சார்ஜன்ட் பெப்பர் ஆல்பத்துல ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் எந்த சுருதியிலயும் சேராது. ரெண்டு வேற வேற டேக்கை டேப் வேகத்தை மாத்தித்தான் ஒட்டினாங்க. கேட்டவன் எவன் குறை சொன்னான்?

மாயவரத்து மிக்சர்:
டேப் வேகத்தை மாத்தினாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அதுவும் பதிவுக்கு அப்புறம் சுருதியை இழுக்கிறதுதானே? எனக்குத்தான் சாட்சி. அப்புறம் அந்தப் பாட்டு சார்ஜன்ட் பெப்பர்லயே இல்ல. 1967 பிப்ரவரியில தனி சிங்கிளா வந்தது.

ஒற்றைக்கம்பி:
அந்த ஆல்பத்துக்காகத்தான் ஆரம்பிச்சாங்க.

மாயவரத்து மிக்சர்:
ஆரம்பிச்சது வேற, ஆல்பத்துல இருக்கிறது வேற. போன மாசம் கேசட்டை டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கிற வசதி) இல்லாம டிஜிட்டல் பண்ணச் சொன்னதும் நீங்கதானே?

ஒற்றைக்கம்பி:
அதை ஏன் இங்கே இழுக்கிறீங்க? டால்பி போட்டுப் பதிஞ்ச கேசட்னு அங்கே யாரும் சொல்லவே இல்லையே.

குடமுருட்டி:
டேப்போட வேகத்தை மாத்தினா அந்த டேப்ல இருக்கிற எல்லா வாத்தியமும் சேர்ந்தே நகரும். ஒரு வாத்தியத்தை மட்டும் பிய்ச்சு எடுக்கல. என் கட்சிதான் அது. கன்ஸ் அண்ட் ரோஸஸ் 1987-ல போட்ட ஆல்பத்துல கிடார் அரைக் கட்டை இறங்கித்தான் இருக்கு. அவங்களுக்கு நாயனம்கூட இல்ல!

வெண்ணாற்றங்கரை:
ஒரு சந்தேகம். "சுருதி சேர்ந்தது"ன்னா ட்யூனர்ல முள் நடுவுல நிக்கிறதா, காதுக்குச் சேர்றதா? அதை முதல்ல பேசி முடிச்சுக்கலாமே.

குடமுருட்டி:
அதெல்லாம் அப்புறம். 445 சரியா இல்லையான்னு மிக்சர் இன்னும் பதில் சொல்லல.

பிரபஞ்சநாதம்:
எல்லாரும் 432-க்கு வாங்க. மனசு அமைதியாகும்.

சீவாளி:
அதுக்கு நாயனத்தை 50 சென்ட் இறக்கணும் சாமி. மரத்தை அறுத்து நீட்டித் தருவீங்களா?

மாயவரத்து மிக்சர்:
பதில் சொல்றேன். தவிலையும் நாயனத்தையும் தனித்தனியா பதிவு பண்ணினா தவில் மைக்குல நாயனம் விழாது, அலையாது. அதனாலதான் "தனியா"ன்னு எழுதினேன். தாளத்துக்கான கிளிக் சத்தத்தை ஹெட்போன்ல கொடுத்து முதல்ல தவில், அடுத்த நாள் நாயனம்.

குடமுருட்டி:
தனியா! நாயனக்காரர் மூச்சு எடுக்கிற இடத்தைப் பார்த்துத்தான் தவில்காரர் தீர்மானம் (தாளத்தை முடிக்கிற அடி) வைக்கிறாரு. கிளிக்கைக் கேட்டு வச்சா கணக்கு சரியா இருக்கும், உயிர் இருக்காது. ஒரே அறையிலயே எடு. ரெண்டு பேரையும் எட்டடி தள்ளி உக்கார வை, நடுவுல இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்து. மெத்தை கூர்மையான உச்ச ஒலியைத்தான் குடிக்கும், தவிலோட இடப்பக்கத் தொப்பி அடியைத் தடுக்காது, பரவாயில்ல. வலப்பக்க வலந்தலைக்கு எஸ்.எம். 57 மாதிரி ஒரு டைனமிக் மைக், நாலு விரக்கடை தள்ளி, சாய்ச்சு. தொப்பிக்கு கிக் ட்ரம் மைக். ரெண்டுல ஒண்ணுக்கு ஃபேஸ் பட்டனை (அலையைத் தலைகீழாக்குற பட்டன்) தட்டிப் பாரு, எந்த நிலையில அடிவயிறு கனமா வருதோ அதுல விடு. கூடு (கெட்டியான விரல் உறை) மாட்டின விரல் விழுற அடி ஊசி மாதிரி ஏறும், அதனால சாதாரண வாசிப்பை மைனஸ் 18 டெசிபல்லயே வை, உச்சத்துக்கு இடம் இருக்கட்டும். நாயனத்துக்கு மைக்கை அணசுக்குள்ள (குழலோட விரிஞ்ச வாய்) நுழைக்காதே. ஸ்வரம் துளைகள்லயிருந்தும் வருது. மூணடி தள்ளி, குழலோட நடுப்பகுதியைப் பார்த்து வை.

இதெல்லாம் செஞ்சாலும் தவில் மைக்குல நாயனம் விழத்தான் செய்யும். கிடார் 445-ல இருந்தா விழுந்தது நல்லதாப் போச்சு, அந்த அறையோட முழக்கம் கேக்கும்.

ஒற்றைக்கம்பி:
பட்டியல்ல "நாதஸ்வரம்"னு போட்டிருக்காரே, அதை யாரும் கேக்கலையா? நாகஸ்வரம்.

சீவாளி:
ரெண்டும் எழுதுறாங்க. ஊர்ல நாயனம்.

ஒற்றைக்கம்பி:
ஆல்பம் வெளியிடுறப்போ கலைஞர் விவரத்துல ஒரு பாட்டுக்கு ஒண்ணு, இன்னொரு பாட்டுக்கு வேற ஒண்ணுன்னு போட்டா தேடுறவனுக்குப் பாதிதான் கிடைக்கும். எழுத்துப்பிழைன்னு சும்மா விட முடியாது.

மாயவரத்து மிக்சர்:
வெளியீடுன்னதும்தான் ஞாபகம் வருது. அந்த வரிகளை யாருமே படிக்கல போல. மாஸ்டரை (வெளியிடப் போற கடைசி ஃபைல்) சத்தம் கூட்ட மைனஸ் 8 எல்.யு.எஃப்.எஸ். (சத்தத்தோட அளவு) வரைக்கும் நசுக்காதீங்க, ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14-க்கு இறக்கிடும், நசுங்கினது நசுங்கினதா இருக்கும். அங்கே பாட்டுப் பட்டியல் போடுற எடிட்டர்களுக்குப் பாட்டை அனுப்ப வெளியீட்டுக்குக் குறைஞ்சது 7 நாள் முன்னாடியே ஃபைல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கணும், அதனால நாலு வாரம் முன்னாடியே ஏத்துங்க. டிஸ்ட்ரிபியூட்டரை (பாட்டைத் தளங்கள்ல ஏத்துற கம்பெனி) மாத்தினா அதே பதிவுக்குப் பழைய ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையே (பதிவோட அடையாள எண்) கொடுங்க, 12 எழுத்துல ஒண்ணு மாறினாலும் கேட்ட கணக்கு பூஜ்யத்துல ஆரம்பிக்கும். உருப்படியா இவ்வளவு இருக்கு, அண்ணன் ஏழாவது வரியிலயே குடியிருக்காரு.

குடமுருட்டி:
மீதி வரி சரின்னு முதல்லயே சொல்லிட்டேன். தப்பான இடத்துலதானே நிக்க முடியும்? ஏழாவது வரியைப் படிச்சுட்டு ஒரு பையன் நாயனத்தை இறக்கி மிக்ஸ் பண்ணிட்டான்னு வைங்க. அப்புறம் மேடையில என்ன பண்ணுவான்? மேடையில மெலோடைன் உக்காருமா? அங்கே கிடார்தான் 445-க்கு வரணும். ஆல்பத்துல ஒரு சுருதி, கோயில் வாசல்ல ஒரு சுருதியா?

மாயவரத்து மிக்சர்:
மேடை பத்தி நான் ஒரு வரிகூட எழுதல.

குடமுருட்டி:
எழுதலைன்னுதான் சொல்றேன்.

வெண்ணாற்றங்கரை:
அந்த "சுருதி சேர்ந்தது" விஷயம்...

சீவாளி:
மெழுகு பத்தி நான் சொன்னதுக்கும் யாரும் பதில் சொல்லல.

மாயவரத்து மிக்சர்:
ஞாயித்துக்கிழமை பட்டியலோட ரெண்டாம் பாகம், மிக்ஸிங் பத்தி. ஏழாவது வரியை மாத்தப் போறதில்ல.

ஒற்றைக்கம்பி:
"நாகஸ்வரம்"னாவது மாத்துங்க.

குடமுருட்டி:
போடுங்க, இங்கேதான் இருப்பேன். 445.