குவார்ட்டர்பேக்குக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

பாஸ்டன், வார இறுதி வகுப்பு ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் வகுப்பு ஆண்டு மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிராடியைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறான். பேட்ரியட்ஸ் அணிக்காக இங்கே இருபது பருவம் ஆடிய மனிதர், எழுதாமல் இருப்பானா? 2000-இல் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்களை எடுத்தபோது ஆறாம் சுற்று வரை ஒருவரும் சீந்தாமல் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டதை நன்றாகவே சொல்லியிருக்கிறான். ஆனால் பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஆளுக்குப் பெயரான குவார்ட்டர்பேக் என்ற சொல் பதினேழு இடத்தில் வருகிறது, பதினேழிலும் "கால் முதுகு" என்று போட்டிருக்கிறான். ஏதோ செயலி செய்த வேலை. அப்படியே குவார்ட்டர்பேக் என்று விட்டுவிடலாம் என்றால், மலர் ஊருக்கும் போகும், தாத்தாக்கள் படிப்பார்கள். குவார்ட்டர் என்றதும் அவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, பையன் பாதி சரியாகத்தான் வந்திருக்கிறான். முன்வரிசைக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதை வைத்து எழுந்த பெயர் இது. கால், அரை, முழு என்று மூன்று ஆட்கள். நம்மிடம் பின்னச் சொற்களுக்கா பஞ்சம்? முந்திரி, காணி வரை போனவர்கள் நாம். காற்பின்னர், அரைப்பின்னர், முழுப்பின்னர். ஒரே வீச்சில் மூன்று சொல் கிடைத்தது. லகரம் றகரமாகத் திரிந்ததைக் கவனிக்க. இன்னொரு நயமும் உண்டு. நன்னூலார் ஏழாம் வேற்றுமை உருபுகளை அடுக்கும்போது கால் என்பதையும் சொல்கிறார், பின் என்பதையும் சொல்கிறார். இரண்டும் இடப்பொருள் தருபவை. நிற்கும் இடத்தால் பெயர் பெற்ற ஓர் ஆளுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? காற்று என்ற பொருளிலும் கால் வரும், பந்து பறப்பது காற்றில்தானே...

நியூ ஜெர்சி:

ஐயா, காற்றோடு நிறுத்திக்கொள்வோம். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளை இந்த ஆட்டத்துக்குத் தாரைவார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், காற்பின்னர் என்பது செத்துப்போன அளவு. 1880-இல் யேல் பல்கலைக்கழகத்து வால்ட்டர் கேம்ப் விதிகளை மாற்றியபோது, நடுவில் இருப்பவர் பந்தைப் பின்னால் தள்ள, அதை வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பதுதான் இந்த ஆளின் வேலை. முன்னோக்கி எறியலாம் என்ற அனுமதியே 1906-இல்தான் வந்தது. இன்றைக்குப் பாதி நேரம் ஐந்து கெஜம் தள்ளித்தான் நிற்கிறார், அது காலும் இல்லை அரையும் இல்லை. அப்புறம் ஆட்டமே நான்கு கால் பகுதி. "நான்காம் கால் பகுதியில் காற்பின்னரின் காலில் அடிபட்டது" என்று எழுதிப் பாருங்கள்.

செய்கிற வேலையைப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியில் அட்லாண்டாவிடம் 28-3 என்று பின்தங்கி நின்றபோது பிராடி செய்தது இரண்டே வேலை. யார் எங்கே ஓட வேண்டும் என்று சொன்னார், ஓடியவர் கைக்குப் பந்தை அனுப்பினார். கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றார்கள். ஏவு என்ற வினையில் இந்த இரண்டும் இருக்கின்றன, ஆளை ஏவுவது, கணையை ஏவுவது. ஏவுநர். முடிந்தது.

திருச்சி:

முடியவில்லை தம்பி. ஏவலர் என்றால் ஏவியதைச் செய்பவர், வேலைக்காரர். பொருள் தலைகீழாகிறது. எங்கள் தெருவில் ஏவல் என்றால் பில்லி சூனியத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். எதிரணிக்கு ஏவல் வைத்தார் என்று படிக்கப்போகிறார்கள்.

நியூ ஜெர்சி:

நான் ஏவலர் என்று சொல்லவே இல்லை ஐயா. ஏவுநர். ஓட்டுபவர் ஓட்டுநர் என்றால் ஏவுபவர் ஏவுநர். சூனியம் பற்றி: அந்த 28-3 ஆட்டத்தைப் பார்த்த அட்லாண்டாக்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.

சிங்கப்பூர்:

இடையில் ஒரு சந்தேகம். காற்பின்னருக்கு றகரம் போடுகிற ஐயா, கால்பந்து என்று எழுதும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளை ஏன் விட்டுவிட்டார்? நாங்கள் இங்கே காற்பந்து என்றுதான் எழுதுகிறோம்.

யாழ்ப்பாணம்:

நாங்கள் சொல்வது உதைபந்தாட்டம். அதனால் எங்களுக்குப் பிரச்சினை இன்னும் பெரிது. கையால் எறிகிற ஆட்டத்தில் உதை எங்கே?

நியூ ஜெர்சி:

உதை இருக்கிறது. 2002-இல் பிராடியின் முதல் சூப்பர் பவுலை முடித்துவைத்ததே, கடைசி நொடியில் 48 கெஜத்திலிருந்து அதே அணியின் விநாட்டியேரி உதைத்த உதைதான். 20-17. ஆனால் இதற்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

கோவை:

இவ்வளவு பேர் இருந்தும் சங்க இலக்கியத்தை யாரும் தொடவில்லையே. படையின் முன்பகுதிக்குத் தார், பின்பகுதிக்குக் கூழை. புறநானூற்றிலேயே இருக்கிறது. புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். கூழையர் என்று வைப்போம்.

நியூ ஜெர்சி:

பிராடி ஆறடி நாலங்குலம். கூழை என்றால் இன்று குட்டை. பையன் வேறு கூழைக்கும்பிடு என்று படித்துவிட்டு வந்து அர்த்தம் கேட்பான். ஆசிரியை பாவம்.

கோவை:

சொல்லின் பழம்பொருளை மீட்பது கலைச்சொல்லாக்கத்தின் கடமை. தாத்தாக்களுக்குப் புரிய வேண்டும் என்பதே அளவுகோல் என்றால் பந்துவீச்சாளர் என்றே வைத்துக்கொண்டு போங்கள்.

பாஸ்டன்:

அதையும் யோசித்தேன். தாத்தாக்கள் ஓவருக்கு எத்தனை ரன் என்று கேட்பார்கள். நாளை வெள்ளி. தயவுசெய்து ஒரு வார்த்தையில் வாக்கு.

சிங்கப்பூர்:

ஏவுநர். களைத்துவிட்டேன்.

யாழ்ப்பாணம்:

ஏவுநர். அடைப்புக்குறிக்குள் குவார்ட்டர்பேக் என்றும் போடுங்கோ.

கோவை:

கூழையர். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

திருச்சி:

காற்பின்னர். ஏவுநர் வென்றால் அரைப்பின்னருக்கு என்ன செய்வீர்கள், அரையேவுநரா?

பாஸ்டன்:

எல்லாருக்கும் நன்றி. ஏவுநர் என்று முடிவு செய்து நேற்றிரவே பையனிடம் சொன்னேன். சரி டீச்சர் என்றான். காலையில் திருத்தி அனுப்பிய பிரதியைத் திறந்தால் பதினாறு இடத்தில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு "பிராடி" என்று போட்டிருக்கிறான். படிக்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவனால் தப்பிக்க முடியவில்லை. 2001 செப்டம்பரில் ஜெட்ஸ் அணியோடு ஆடும்போது ட்ரூ பிளெட்சோ மார்பில் பலமாக அடிபட்டு வெளியேறியதால்தானே பிராடிக்கு அந்த இடம் கிடைத்தது? அங்கே "அணியின் முதல் ஏவுநர் பிளெட்சோ" என்று எழுதியிருக்கிறான். அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

திருச்சி:

ஒரே இடம்தானே அம்மா. அச்சகத்தில் இன்னும் ஏற்றவில்லை என்றால் காற்பின்னர் என்று மாற்றச் சொல்லலாமே.