புதுப்பிப்பு: காரைக்குடி வீட்டுக்குள் கோல்ஃப் வலை

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டுக்குள் கோல்ஃப் ஸ்விங் பழக வலை கட்டலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். கட்டியாச்சு, அருமையாக இருக்கிறது!

இடம், இரண்டாம் கட்டு, அதாவது வீட்டின் உள்ளே இரண்டாவது முற்றப் பகுதி. தூரமாக அடிக்கிற நீளமான டிரைவர் மட்டை சுமார் 45 அங்குலம். முழுசாகச் சுழற்றினால் சாதாரண வீட்டில் கூரை இடிக்கும். இங்கே உயரத்துக்குப் பஞ்சமில்லை.

வலையை மட்டும் விறைப்பாகக் கட்டாதீர்கள். பந்து 46 கிராமுக்குள்தான், ஆனாலும் விறைத்த வலையில் பட்டால் நேரே நம் மேலேயே திரும்பி வரும். நான் தொய்வாக விட்டு, பின்னால் பழைய ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டேன். இப்போது பொத்தென்று அங்கேயே விழுகிறது.

பெரிய கவலை தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்தான். கண்ணாடி மேல் கையால் வார்க்கிற சிமெண்ட் கல். பழசு ஒன்று உடைந்தால் அதே நிறம் அமைவது கஷ்டம். அந்த வழவழப்பில் பயிற்சிப் பாய் வழுக்கிக்கொண்டே போனது. அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டதும் நின்றுவிட்டது. அந்த யோசனை சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.

தேக்குத் தூணில் பட்டால் என்ன ஆகும் என்று ஆச்சி கேட்டார்கள். நியாயம்தான், இரு பக்கத் தூணுக்கும் மெத்தை சுற்றிவிட்டேன்.

அப்புறம், அடுத்து பட்டிங் (பந்தைத் தரையோடு மெல்ல உருட்டிக் குழியில் போடுவது) பழகணும். ஓரம் சுருளாமல் தரையோடு படிகிற பாய் யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள்.