எம்பி பாராளுமன்றத்தில கதைச்சத முழுசா எங்க பாக்கலாம்? கதைச்சு என்ன பிரயோசனம்?

சித்தாண்டிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு சின்ன டவுட். போன கிழம எங்கட எம்பி மட்டக்களப்பு மயிலத்தமடு மேய்ச்சல் தரைய வெளியாக்கள் பிடிக்கிறத பத்தி பாராளுமன்றத்தில பேசின கிளிப் ஒண்டு வட்ஸ்அப்ல சுத்திச்சு, ஒரு ரெண்டு நிமிசம் இருக்கும், பின்னால மியூசிக் வேற. சித்தப்பாட மாடு அங்கதான் நிக்கிது, அவரு பட்டிக்கு வெளிக்கிட்டு மோட்டச்சைக்கிள்ல ஏறி இருந்தபடியே என்ட போன வாங்கி பாத்தாரு. பாத்து முடிச்சிட்டு ஒண்டுதான் கேட்டாரு, "மறுகா மந்திரி என்ன சொன்னாரு?" எனக்கு தெரியல்ல. கிளிப்ல அது இல்ல. 2023 செப்டம்பர்ல மாட்டுக்காரர் றோட்டுக்கரையில கொட்டில் போட்டு போராட்டம் இருக்கத் தொடங்கின நாள்ல இருந்து எத்தின பேர் எத்தின தரம் சபையில கதைச்சிட்டாங்க. இதெல்லாம் எங்கயாவது முழுசா எழுத்தில இருக்கா? இல்லாட்டி வீடியோவுக்குத்தான் கதைக்கிறாங்களா?

கல்லடிப்பாலம்:
வீடியோவுக்குத்தான் தம்பி, என்ன சந்தேகம். 225 பேர்ல எங்கட மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5, கட்சிக்கு குடுக்கிற நேரத்த பிரிச்சா ஆளுக்கு ஏழெட்டு நிமிசம், அதுல கௌரவ சபாநாயகர் அவர்களே எண்டு தொடங்கி முடிக்கவே மணி அடிச்சிருவாங்க 😂

பழைய வாத்தி:
கல்லடிப்பாலம் தம்பி சும்மா பகிடி பண்ணாதீங்க, பொடியன் நல்ல கேள்விதான் கேட்டிருக்கான். மனே, சபையில கதைக்கிறது ஹன்சாட் எண்ட பாராளுமன்றப் பதிவுப் புத்தகத்தில அச்சாகும், சபாநாயகர் நீக்கச் சொன்னத தவிர, பாராளுமன்ற வெப்சைட்ல திகதி போட்டு பிடிஎப்பா கிடக்கு, காசு ஒண்டும் இல்ல. ஆனா பேச்ச மட்டும் வாசிச்சிட்டு விட்டிராதீங்க. வரவு செலவு குழுநிலை விவாதத்தில ஆளாளுக்கு பேசிட்டு போவாங்க, மந்திரி கடைசியா எழும்பி விரும்பினதுக்கு பதில் சொல்லுவாரு, விரும்பாட்டி விட்டிருவாரு. வாய்மூல விடைக்கான வினா எண்டு காலையில ஒரு பகுதி இருக்கு, அத பாருங்க. எத்தின ஏக்கர், யாருக்கு குடுத்த, எந்த திகதி எண்டு எழுதி கேட்டா மந்திரி பேர்ல ஒரு விடை அச்சில வரும். காலம் எடுக்கிறாங்க எண்டா அதுவும் அச்சில வரும். அந்த விடைய கையில வெச்சிக்கிட்டு 2016ஆம் ஆண்டு தகவலறியும் உரிமைச் சட்டத்தில கச்சேரிக்கு (மாவட்ட செயலகத்துக்கு) ஒரு விண்ணப்பம் போட்டா 14 வேலை நாளுக்குள்ள தருவமா இல்லையா எண்டு அவங்க சொல்லியே ஆகணும். கிளிப்ப கொண்டு போய் காட்டினா சிரிப்பாங்க.

எங்கட ஊருக்கு பேச்சு புதுசில்ல. ராஜதுரை ஐயாவுக்கு சொல்லின் செல்வர் எண்டு பேரு, 1956ல மட்டக்களப்பு எம்பியா முதல்முதலா பாராளுமன்றம் போனவரு, பேச்ச கேக்க சனம் வண்டில் கட்டி வரும். 1979ல அவரு தமிழர் கட்சிய விட்டு அரசாங்கப் பக்கம் போனாரு, அதுக்குப் பிறகு அதே வாயால என்ன பேசினாரு எண்டுறதும் ஹன்சாட்லதான் இருக்கு. எங்கட எம்பியா இருந்த ஜோசப் பரராஜசிங்கம் ஐயா காணாமப்போன ஆக்கள பத்தியும் கைதுகள பத்தியும் சபையில விடாம கதைச்சவரு, 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில கோயிலுக்குள்ளயே சுட்டாங்க. அதால வீடியோவுக்கு எண்டு எல்லாரையும் ஒண்டா கட்டாதீங்க தம்பி, எனக்கு கோவம் வரும்.

கல்லடிப்பாலம்:
சொறி சேர். அவர நான் சொல்லல்ல.

அக்கரைப்பற்றான்:
சேர் சொன்னதோட இன்னொண்டு சேத்துக்கிறன். பேச்சோட வாக்கையும் பாருங்க. 2020 ஒக்டோபர்ல ஜனாதிபதிக்கு அதிகாரத்த கூட்டின அரசியலமைப்பு 20ஆவது திருத்தத்துக்கு 156க்கு 65 எண்டு வாக்கு விழுந்திச்சே, அதுல எதிர்க்கட்சி கதிரையில இருந்துக்கிட்டு ஆதரவா போட்டதுல எங்கட கிழக்கு ஆக்களும் இருந்தாங்க. ஊர்ல வந்து மேடையில கதைச்சத கேட்டா அப்படி நம்பவே ஏலாது. அதே காலத்துலதான் கொரோனாவில மௌத்தான எங்கட முஸ்லிம் ஆக்கள்ட மையத்துகள (உடல்கள) அடக்க விடாம எரிச்சிக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரம் மட்டக்களப்பு தமிழ் எம்பி சாணக்கியன் சபையில எழும்பி முஸ்லிம் சனத்துக்காக சிங்களத்திலயும் பேசினாரு, எங்கட உம்மா அந்த வீடியோவ மூணு தரம் போட்டு பாத்தாங்க, சிங்களம் ஒரு சொல் விளங்காது அவங்களுக்கு. பேச்சால எரிக்கிறது நிண்டிச்சா எண்டா அப்படியும் சொல்லேலாது, 2021 பெப்ரவரியில பொத்துவில்ல இருந்து பொலிகண்டிக்கு எதிர்ப்புப் பேரணியா நடந்தம், அப்ப பாகிஸ்தான் பிரதமரா இருந்த இம்ரான் கான் வந்துட்டு போனாரு, அவரு போன கையோட வர்த்தமானி வந்து மார்ச்ல ஓட்டமாவடியில அடக்கத் தொடங்கினாங்க. ஆனா அந்த நேரத்தில யார் வாயத் திறந்த, யார் திறக்கல்ல எண்டு இண்டைக்கும் எடுத்துக் காட்டலாம். எனக்கு அது போதும். வேற ஆக்களுக்கு போதாம இருக்கலாம்.

சித்தாண்டிப் பொடியன்:
எல்லாருக்கும் நன்றி, சேருக்கு விசேசமா. ராவு இருந்து இறக்கி பாத்தன். தமிழ்ல டைப் பண்ணி தேடினா ஒண்டும் வரல்ல, ஒவ்வொரு பக்கமா தள்ளி தள்ளித்தான் கண்டுபிடிச்சன். எம்பி பேசினது ஆறு பக்கம் இருக்கு சேர், கிளிப்ல வந்தது அதுல அரைப் பக்கம் காணாது. மாடு சுடுபட்டது, வெட்டுப்பட்டது, பொலிஸ்ல போட்ட முறைப்பாடு எல்லாம் விவரமா சொல்லியிருக்காரு, அத விட்டுட்டு கத்தின இடத்த மட்டும் வெட்டி போட்டிருக்காங்க. மந்திரிட பதிலும் கிடக்கு, ஒண்டரைப் பக்கம். ஆனா முழுக்க சிங்களம்.

பழைய வாத்தி:
ஓம் மனே, கதைச்ச பாசையிலதான் அச்சடிப்பாங்க. சபைக்குள்ள காதுல மாட்டிக்கிட்டு மொழிபெயர்ப்பு கேக்கலாம், புத்தகத்தில அது வராது. என்ட சிங்களம் பஸ் போர்ட் வாசிக்கிற அளவுதான்.

அக்கரைப்பற்றான்:
ஸ்க்ரீன்ஷொட் எடுத்து இன்பொக்ஸ்ல போடுங்க தம்பி. நான் அம்பாறை டவுண்ல கடையில நிக்கிறன், பகல் சாப்பாட்டு நேரத்தில வாசிச்சு வொய்ஸ்ல சொல்றன், சித்தப்பாவுக்கு அப்படியே போட்டுக் காட்டுங்க. பக்கத்தோட நம்பரும் தெரியிற மாதிரி எடுங்க, அரைவாசி வெட்டி அனுப்பிராதீங்க.