பாவத்தைத் தடுத்த தொழுகை: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

மண்டி கணக்கர், கிருஷ்ணகிரி:
அஸ்ஸலாமு அலைக்கும். தொழுகை மானக்கேடானதையும் தீயதையும் விட்டுத் தடுக்கும் என்கிறது குர்ஆனில் அன்கபூத் சூராவின் (அத்தியாயத்தின்) 45ஆம் வசனம். பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போன வசனம். அது எப்படித் தடுக்கிறது என்பதை நான் மாங்காய் மண்டியில்தான் பார்த்தேன்.

சீசன் வந்தால் எங்கள் பக்கம் விடிய விடிய வண்டி இறங்கும். பெங்களூரா ரக மாங்காய் பெரும்பாலும் கூழ் ஃபேக்டரிக்குப் போய்விடும். செந்தூரா ரகத்தை கிரேட்டில் அடுக்கி வெளியூர் வியாபாரிக்குக் கொடுப்போம். அந்த அடுக்கில் ஒரு வித்தை உண்டு, ஊருக்கே தெரியும்: மேல் வரிசையில் பளபளவென்று நல்ல பழம், அடியில் காம்பு கறுத்தது, புள்ளி விழுந்தது, அடிபட்டது.

அன்றைக்கு எங்கள் மண்டி முதலாளி பாய் ளுஹர் (மதியத் தொழுகை) ஜமாஅத்துக்குப் போயிருந்த நேரத்தில் கடைப் பையன் அப்படித்தான் அடுக்கி வைத்திருந்தான். பாய் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, கிரேட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டார். வெளியே வந்த பழத்தில் கட்டைவிரல் அமுங்கியது.

"எல்லா மண்டியிலயும் இப்படித்தானே பாய் போடுறாங்க?"

"அஸர் தொழுகைக்கு இன்னும் எவ்வளவு நேரம்டா இருக்கு? அதுக்குள்ள மறுபடி அல்லாஹ் முன்னாடி போய் நிக்கணும். கொட்டு."

அத்தனை கிரேட்டையும் தார்ப்பாயில் கொட்டிப் பிரித்தார்கள். அடிபட்டது தனியாக, பாதி விலைக்கு. வாங்க வந்தவர் முகத்தில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம்!

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, விரலில் ஈரம் பட்டதும், இதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா, ஏமாற்றுகிறவர் என்னைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொன்ன ஹதீஸ் (நபிமொழி) ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. பாய் அதைச் சொல்லவில்லை. ஆனால் கை போன விதம் அதேதான். ரமலானில் தவ்பா (பாவமன்னிப்பு) செய்துகொள்ளலாம் என்று இருப்பவனுக்கு ஒரு வருஷம் கையில் இருக்கிறது. ஐந்து வேளை தொழுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. தடுப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

சகோதரி, தர்மபுரி:
எங்கள் தாதி (அப்பாவின் அம்மா) புறம் பேசவே மாட்டார். கல்யாண வீட்டில் நாலு பெண்கள் உட்கார்ந்து, "அவ மருமக இருக்காளே..." என்று ஆரம்பித்தால் போதும், "ஒளு செஞ்சுட்டு வர்றேன்மா" என்று, தொழுகைக்குக் கை கால் முகம் கழுவ எழுந்துவிடுவார். தொழுகை வக்து (நேரம்) இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் கிடையாது. முட்டி வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். நாங்கள் சிரிப்போம். புறம் பேசுவது இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பது போல என்று ஹுஜுராத் சூராவில் வருகிறதே, அதை அவர் உண்மையாகவே அருவருப்பாக எடுத்துக்கொண்டவர். ஒளுவில் வழியும் தண்ணீரோடு பாவங்களும் வழிந்துபோகும் என்ற ஹதீஸ் வேறு அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஓசூர் வாசகர்:
எல்லாம் சரி பாய். என்னிடம் கடன் வாங்கிய ஒருத்தர் பள்ளியில் முதல் ஸஃப்பை (வரிசையை)த் தவறவிடுவதே இல்லை. என்னைப் பார்த்தால் மட்டும் செருப்பை வேறு வாசல் பக்கம் விடுகிறார். அந்தத் தொழுகை எதைத் தடுத்தது? தொழுகையும் நோன்பும் ஜகாத்துமாக மறுமைக்கு வந்து, அடுத்தவரை ஏசியதற்கும் அடித்ததற்கும் பொருளைத் தின்றதற்கும் நன்மையை எல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனைத்தான் நபியவர்கள் திவாலானவன் என்றார்கள். ஐவேளைத் தொழுகை இடையில் நடந்ததற்குப் பரிகாரம் என்ற ஹதீஸிலும் பெரும்பாவங்களைத் தவிர்த்தால் என்ற நிபந்தனை இருக்கிறது. அதை யாரும் பயானில் அழுத்திச் சொல்வதில்லை.

மண்டி கணக்கர், கிருஷ்ணகிரி:
ஓசூர் பாய், நீங்கள் சொல்வது நியாயம். மனிதருக்குச் சேர வேண்டியதைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா முழுமையாகாது என்றுதான் ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) சொல்கிறார்கள். ஆனால் முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒன்று உண்டு. ஒருவர் இரவில் தொழுகிறார், விடிந்ததும் திருடுகிறார் என்று நபியவர்களிடம் வந்து சொன்னார்கள். அவர் ஓதுவதே அவரைத் தடுத்துவிடும் என்றார்கள் நபியவர்கள். தொழுகையை விடச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. அந்த ஆள் பள்ளிக்கு வருகிறவரை உங்களுக்கும் அவரைப் பிடிக்க ஓர் இடம் இருக்கிறது.

ஓசூர் வாசகர்:
அதுவும் சரிதான். வெள்ளிக்கிழமை ரெண்டு வாசலையும் பார்க்க என் மச்சானைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.